பலகையில் விட்ட நீலம்

எனக்கு மறதி கிடையாது. அதிலும் யாராவது எனக்குக் கெடுதல் செய்திருந்தால், செய்த நாள், செய்த இடம், அன்றைக்கு அவர் போட்டிருந்த சட்டை வரைக்கும் ஞாபகம் இருக்கும். இதை என் வீட்டுக்காரர் ஒரு வியாதி என்பார். பார்த்ததை மறக்காமல் இருப்பதுதான் படம் வரைகிறவளுக்குப் பிழைப்பு என்று அவருக்குப் பதில் சொல்வேன். எட்டு வருடம் ஒரே ஆளைப் பற்றி அப்படி மறக்காமல் இருந்தேன். கடைசியில் பழி வாங்கினேன். நல்லவிதமாக எழுதிக்கொள்ள இதில் ஒன்றும் இல்லை. நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

அந்த ஆளும் நானும் ஓவியக் கல்லூரியில் ஒரே வகுப்பு. அவர் காரைக்குடி டவுன். நான் சாக்கோட்டைப் பக்கம் வயல்காட்டுக் குடும்பம். என்னைவிட ஒரு வயது மூத்தவர், அவ்வளவுதான். ஆனாலும் அவர் என்னை 'நீ' என்பார், நான் அவரை 'நீங்க' என்பேன். இந்த வித்தியாசம் எந்த நாளில் எப்படி வந்தது என்பது மட்டும்தான் எனக்கு ஞாபகம் இல்லை.

அவர் கையைக் குறை சொல்ல மாட்டேன். கோடு சுத்தமாக விழும். ஒரு மாட்டை வாலில் ஆரம்பித்து, பென்சிலை எடுக்காமல் கொம்பு வரைக்கும் கொண்டுபோய்விடுவார். என்ன வரைவது என்பதுதான் அவருக்குத் தெரியாது. கல்லூரியில் ஒரு வருடம் குதிரை, மறு வருடம் பிள்ளையார், அதற்கடுத்த வருடம் ஒன்றும் விளங்காத முக்கோணங்கள். என் கை அவ்வளவு வேகம் இல்லை. ஆனால் எதை வரைய வேண்டும் என்று எனக்குத் தெரிகிற நாள் வரும் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

படிப்பு முடிந்ததும் அவர் சென்னைக்குப் போனார். எனக்குக் கல்யாணமாகி இங்கேயே இருந்துவிட்டேன். இந்த ஊரில் படம் வாங்கி மாட்டுகிறவர்கள் யாரும் இல்லை. ஆனால் பழைய பெரிய வீடுகளை ஒவ்வொன்றாக ஓட்டலாக மாற்ற ஆரம்பித்திருந்தார்கள். வாசல்படிக்கு மேலே உதிர்ந்துபோன கிளிகளுக்கு மூக்கு வைக்கவும், சுவரோரத்துப் பூங்கொடிக்கு இலை போடவும் ஆள் தேவைப்பட்டது. அந்த வேலைக்குப் போனேன். சுண்ணாம்புச் சுவர் என்பது காகிதம் மாதிரி கொடுத்ததையெல்லாம் வாங்கிக்கொள்ளாது. சில நிறங்களை ஏற்கும். சிலவற்றை மெதுவாகத் தின்றுவிடும். எதை ஏற்கும், எதைத் தின்னும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கெடுத்துக் கெடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். ஒரு வீட்டில் நான் போட்ட பச்சைக் கிளிகள் பதினாறும் மூன்றே மாதத்தில் காய்ந்த சாணி நிறத்துக்கு வந்தன. அந்த வீட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

கோவிலூரில் மடத்துப் பக்கம் ஒரு சுவர் வேலை வந்தது அந்தக் காலத்தில்தான். நான் சாரத்தில் ஏறி உட்கார்ந்து தூரிகையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பேன். கீழே ஒரு பத்துப் பேருக்கு வேதாந்தப் பாடம் நடக்கும். கேட்க வேண்டும் என்று கேட்கவில்லை, காதில் விழுந்தது. குடத்துக்குள்ளே ஒரு வெளி இருக்கிறது, குடம் உடைந்தால் அந்த வெளி எங்கே போகும் என்று ஒரு நாள் பாடம் சொல்பவர் கேட்டார். எங்கேயும் போகாது, அது உள்ளே இருந்ததாக நாம் நினைத்ததுதான் பிசகு என்று அவரே விளக்கினார். எனக்குக் கை நின்றுவிட்டது. நான் தினமும் வேலை பார்க்கிற வீடுகளை நினைத்துக்கொண்டேன். ஆட்கள் எல்லாம் போய்விட்ட வீடுகள். ஆனால் தூணில் தலை சாய்த்து உட்கார்ந்த இடத்தில் எண்ணெய்க் கறை இருக்கும். படம் கழற்றிய சுவரில் அந்தச் சதுரம் மட்டும் வெளுப்பாக இருக்கும், மேலே ஆணி இருக்கும். அதைத்தான் நான் வரைய வேண்டும் என்று அன்றைக்குத் தெரிந்தது.

இரண்டு வருடத்தில் பதினாலு படம் வரைந்தேன். எல்லாவற்றிலும் வாசல்தான். முகப்பு வாசலில் நின்று பார்த்தால் வளவு, அதாவது நடுமுற்றத்து வாசல், அதற்குள் இரண்டாங்கட்டு வாசல், அதற்கும் உள்ளே கொல்லைப்புறத்து வெளிச்சம். ஒரு மனுஷர் இருக்க மாட்டார், ஒரு நாற்காலி இருக்காது. சுண்ணாம்பு வெள்ளை, சாம்பல், கறை நிறம், இவ்வளவுதான். சதுரமும் ஆணியும் எங்காவது ஒரு மூலையில் இருக்கும். அந்தப் படங்களை நான் முதன்முதலில் காட்டியது அவரிடம்தான். தீபாவளிக்கு ஊருக்கு வந்திருந்தார். இளம்பச்சைக் கட்டம் போட்ட சட்டை. என் வீட்டுத் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பார்த்தார். "எங்கேருந்து பிடிச்ச இதை?" என்று கேட்டார். நான் வெகுளியாக எல்லாவற்றையும் கொட்டினேன். கோவிலூர், சாரம், குடம், வெளி, ஆணி, ஒன்று விடவில்லை. காபிகூட இரண்டு தடவை போட்டுக் கொடுத்தேன்.

அடுத்த வருடம் சென்னையில் அவர் கண்காட்சி. வாசலுக்குள் வாசல். என்னுடையதைவிட மூன்று மடங்கு பெரிசு, கோடெல்லாம் கத்தி மாதிரி. மூலையில் ஆணி. போனில் பார்த்தபோது எனக்கு முதலில் சந்தோஷமாகக்கூட இருந்தது, பாவி. என் படம் அவரைப் பிடித்து ஆட்டியிருக்கிறது என்று நினைத்தேன். எங்காவது என்னைப் பற்றி ஒரு வரி இருக்கும் என்று தேடினேன். இல்லை.

அதன் பிறகு அவர் பெரிய ஆளாகிவிட்டார். இங்குள்ள ஓட்டல்காரர்கள் அவரைத் தேடிப் போய்ச் சுவரில் வரையச் சொன்னார்கள். அவருக்குச் சுண்ணாம்பைப் பற்றி ஒரு எழுத்தும் தெரியாது. "நீ சுவத்தப் பாத்துக்க, நான் படத்தப் பாத்துக்கிறேன்" என்று என்னைக் கூப்பிட்டார். போனேன். ஏன் போனாய் என்று என் வீட்டுக்காரர் கேட்காத நாள் இல்லை. வேலை வேண்டும் என்பது ஒரு காரணம். ஒரு சுவரின் கீழாவது என் பெயரையும் போடுவார் என்று நாய்க்குட்டி மாதிரி பின்னாலேயே போனது இன்னொரு காரணம். ஐந்து சுவர் முடித்தோம். கீழே பித்தளைத் தகட்டில் அவர் பெயர் இருக்கும். அதற்கும் கீழே பொடி எழுத்தில் 'சுவர் உதவி: உள்ளூர்க் கலைஞர்கள்' என்று இருக்கும். நான் ஒருத்திதான் அங்கே வேலை பார்த்தேன். 'கலைஞர்கள்' என்று பன்மையில் போட்டு என்னை இல்லாமல் ஆக்கிவிட்டார்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டாகியிருந்தது. வேலை ஆரம்பிக்கிற அன்று காலையில் அவர் கொண்டுவந்த நிறங்களையெல்லாம் ஒரு பலகையில் வரிசையாக வைத்துவிட்டு டீ குடிக்கப் போவார். நான் வந்து பார்ப்பேன். சுண்ணாம்பு தின்னக்கூடிய நிறங்களை எடுத்து ஒரு பையில் போட்டுவிட்டு, அதே சாயலில் நிற்கக்கூடிய நிறத்தை அந்த இடத்தில் வைப்பேன். திரும்பி வந்து பலகையில் இருப்பதை எடுத்து வரைய ஆரம்பிப்பார். எதை எடுத்தாய், ஏன் எடுத்தாய் என்று ஐந்து சுவரிலும் ஒரு தடவை கேட்டதில்லை. பலகை தானாகவே சரியாகிவிடும் என்று அவர் நினைத்திருக்கலாம்.

பிறகு அந்தப் பேட்டி வந்தது. ஒரு பத்திரிகையில் நான்கு பக்கம். அதில் அவர் சொல்லியிருந்தார்: இளம் வயதில் கோவிலூரில் சாரத்தின் மேல் உட்கார்ந்து சுவர் வேலை பார்த்தபோது கீழே நடந்த வேதாந்தப் பாடம் அவர் காதில் விழுந்ததாம். குடம் உடைந்தால் வெளி எங்கே போகும் என்ற கேள்வி அவர் தூரிகையை நிறுத்தியதாம். சாரத்தில் ஏறினால் தலை சுற்றும் என்று நாற்காலி போட்டு நிற்கிற ஆள் அவர். கோவிலூர் வழியாகப் பஸ்ஸில் போயிருப்பாரோ என்னவோ. படத்தைத் திருடினால்கூடப் போகட்டும் என்று விட்டிருப்பேன் போல. என் வாழ்க்கையில் நடந்ததையே எடுத்து ஏப்பம் விட்டுவிட்டார். எனக்கு வயிறு பற்றி எரிந்தது. குடத்தையும் வெளியையும் எத்தனை தடவை நினைத்துப் பார்த்தாலும் அந்த எரிச்சல் அடங்கவில்லை. 'நான்', 'எனது' என்பதெல்லாம் பொய் என்றும் அந்தப் பாடத்தில் கேட்டிருக்கிறேன்தான். எனது என்பதை ஒருவர் தூக்கிக்கொண்டு போன பிறகு அது பொய் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஆறாவது சுவர் வலையபட்டியில். வீட்டுக்காரி ஒரு ஆச்சி. அறுபத்தைந்து வயது இருக்கும். கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு, ஓட்டல் அறைகளுக்கு வருகிற முன்பதிவையெல்லாம் போனில் தானே பார்ப்பார். வேலைக்காரர்களுக்கும் எனக்கும் ஒரே நேரத்தில், ஒரே மாதிரி டம்ளரில் மோர் வரும். முதல் நாள் என்னை முகப்புக்குக் கூட்டிப்போய் எதிர்ப்பக்கம் காட்டினார்.

"அங்குட்டுப் பாரு. கருவேல மரமா மண்டிக் கெடக்குல்ல, அதுதான் நான் பொறந்த வீடு. தெருவைத் தாண்டித்தான் என்னயக் கட்டிக் குடுத்தாக. பங்காளிகளுக்குள்ள ஒத்து வரல. தூணு, கதவு, நெலையெல்லாம் பேத்து லாரியில ஏத்திட்டாக. அப்ப நான் இந்த எடத்துலதான் நின்னுக்கிட்டிருந்தேன்."

அந்த வீடு முழுக்க நீலம் பூசிய வீடு. அது நின்றபடி அப்படியே வளவுச் சுவரில் வேண்டும், காலையில் எழுந்து வந்தால் எதிரில் தெரிய வேண்டும் என்பதுதான் ஆச்சியின் ஆசை. "மத்தது முன்னப் பின்ன இருக்கட்டும் ஆத்தா. நீலம் மட்டும் தப்பிரக்கூடாது, நீ பாத்துக்க" என்றார். என்னிடம்தான் சொன்னார், அவரிடம் சொல்லவில்லை. இதை நான் மறக்க முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சுவரைப் பூசித் தேய்த்துக் கொடுத்தேன். என் வேலையில் ஒரு குறை வைக்கவில்லை. அன்று காலை பலகையில் நிறங்களை வைத்துவிட்டு அவர் டீ குடிக்கப் போனார். நான் போய்ப் பார்த்தேன். நடுவில் ஒரு டப்பாவில் பிரஷ்யன் நீலம். வெளிநாட்டில் இருந்து வரவழைத்தது, ஆழமான அழகான நீலம், புதுச் சுண்ணாம்பு அதைத் தின்று துருப்பழுப்பாக்கிவிடும். என் பையில் சாதாரண நீலப்பொடி இருந்தது. வெள்ளையடிக்கும்போது சுண்ணாம்பில் கலப்பார்களே, அதுதான். ஆச்சியின் பிறந்த வீட்டுக்குப் பூசியிருந்ததும் அதுவாகத்தான் இருக்கும். அது போட்டால் சுவர் இருக்கும் வரை நிற்கும். பையைத் திறந்தேன். பிறகு மூடிவிட்டேன்.

அவர் திரும்பி வந்தார். அன்றைக்கு மட்டும் ஏனோ, "பலகையைப் பாத்துட்டியா?" என்று கேட்டார்.

"பாத்துட்டேன். எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றேன்.

மூன்று வாரம் வரைந்தார். பக்கத்தில் நின்று தண்ணீர் மாற்றிக் கொடுத்தேன். அந்த நீலம் சுவரில் ஏற ஏற எனக்குள் ஒரு குளிர்ச்சி. ஆச்சியின் முகத்தைப் பார்க்கிறபோது மட்டும் கொஞ்சம் உறுத்தும். இந்த ஆளின் மானம் கப்பலேறட்டும், அப்புறம் நானே என் கையால் நீலப்பொடி குழைத்து ஆச்சிக்குத் திரும்ப வரைந்து கொடுக்கிறேன், அப்போது கீழே என் பெயர்தான் இருக்கும் என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஆடியில் முடித்த படம். ஐப்பசி மழையில் நீலம் மங்க ஆரம்பித்தது. தை பிறந்தபோது சுவரில் வீடு இல்லை. பழுப்பாக ஒரு பெரிய சதுரக் கறை, அதன் நடுவில் வாசல் நிலையின் கோடுகள் மட்டும் லேசாகத் தெரிந்தன. ஆச்சி அவருக்குப் போன் செய்தார். நான் காத்திருந்தது அந்தப் போனுக்குத்தான். எப்படி விழிப்பார், யார் காலில் விழுவார், கடைசியில் எனக்குத்தானே போன் வரும் என்று இருந்தேன்.

வரவில்லை. அவர் நேரில் வந்து பார்த்தார். அரை மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பிறகு ஆச்சியிடம், "இது கொறையில்ல ஆச்சி. இப்படி அழியணும்னுதான் வரைஞ்சேன். இல்லாத வீடு இருக்கிற மாதிரி எப்படி நிக்கும்?" என்றார். ஒரு மாதத்தில் பத்திரிகையில் வந்தது. மறைந்துபோகும் ஓவியம். குடம், வெளி, எல்லாம் மறுபடியும் வந்தது. அந்தக் கறையைப் பார்க்க ஆட்கள் கார் பிடித்து வந்தார்கள். ஆச்சியின் அறைகள் நிரம்பின. "படிச்சவுக சொல்றாக, இருக்கும்போல" என்று ஆச்சி என்னிடம் சொன்னபோது எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறைதான். படம் மறைந்து கறை மட்டும் நிற்கிற சுவர் என்பது நான் பதினாலு தடவை வரைந்த படம். நான் குழி வெட்டினேன். அவர் அந்தக் குழிக்குள் இறங்கிச் சிம்மாசனம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

மாசி மாதம் அந்த வளவிலேயே அவர் பேசுகிற கூட்டம் ஒன்று வைத்தார்கள். கல்லூரிப் பிள்ளைகள், பத்திரிகைக்காரர்கள், ஓட்டல் விருந்தாளிகள், நூறு பேர் இருப்பார்கள். அவர் வெள்ளை லினன் சட்டை போட்டிருந்தார். கறைக்கு முன்னால் நின்று முக்கால் மணி நேரம் பேசினார். கேள்வி கேட்கலாம் என்றார்கள். எழுந்தேன்.

"இந்த நீலம் எத்தனை மாசத்துல அழியும்னு நெனச்சு வச்சீக? சுவரு ஈரமா இருக்கும்போது வச்சீகளா, காஞ்சப்பறமா? அழியிற நீலம் எது, நிக்கிற நீலம் எதுன்னு எப்படித் தெரிஞ்சுக்கிட்டீக?"

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பில் லேசாக ஒரு வெலவெலப்பு இருந்ததை நான் மட்டும்தான் பார்த்திருப்பேன். "சுவரு, நெறம் எல்லாம் என் உதவியாளரோட பொறுப்பு. நான் கருத்தை மட்டும்தான் சுமக்கிறேன்" என்றார்.

"அந்த உதவியாளர் நான்தான்" என்றேன்.

நூறு தலையும் திரும்பியது. நான் பேச ஆரம்பித்தேன். பலகையைச் சொன்னேன். பையைச் சொன்னேன். ஐந்து சுவரில் எந்தெந்த நிறத்தை எடுத்துவிட்டு எதை வைத்தேன் என்று வரிசையாகச் சொன்னேன். போனில் இருந்த என் பதினாலு படங்களையும் முன் வரிசையில் இருந்தவர்களிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். கோவிலூர்ச் சாரத்தையும் சொன்னேன். அவர் நடுவில் ஒரு தடவை என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார், அதட்டுகிற மாதிரி. நான் நிறுத்தவில்லை.

அப்போது முன்வரிசையில் இருந்த ஒரு கல்லூரிப் பெண் கேட்டாள்: "அப்ப இந்தச் சுவத்துல நீலம் அழிஞ்சுபோகும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா மேடம்?"

ஆச்சி தூணோரம் நின்றுகொண்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். தெரியாது என்று சொன்னால் இந்தச் சுவர் வெறும் விபத்து. பிறகு அது யார் பேசிப் பிடித்துக்கொள்கிறார்களோ அவர்களுக்கு, அதாவது அவருக்கு. தெரியும் என்று சொன்னால் இது நான் செய்தது. எட்டு வருடமாக எனக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு சொல்லுக்கு அந்தப் பக்கம் இருந்தது. நான் ஆச்சியைப் பார்க்காமல் இருக்க அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்தேன்.

"தெரியும். தெரிஞ்சுதான் விட்டேன்" என்றேன்.

அவர் முகம் செத்துவிட்டது. பொய் சொல்ல மாட்டேன், அந்த முகத்தைப் பார்த்தபோது எனக்கு வந்த சந்தோஷம் கல்யாணத்தன்றும் வந்ததில்லை. தண்ணீர் கேட்டார், யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. சபை கலையும் முன்பே காரில் ஏறிப் போனார். மறுநாள் பேப்பரில் கறை படிந்த சுவரின் படம், பக்கத்தில் என் படம், கீழே என் பெயர். மாலைக்குள் சென்னையில் இருந்து இரண்டு பேர் போன் செய்து என் பதினாலு படங்களையும் கேட்டார்கள். வீட்டில் எல்லோருக்கும் பால்பாயசம் வைத்துக் கொடுத்தேன்.

இரண்டு நாள் கழித்து நீலப்பொடிப் பொட்டலங்கள் நாலும் தூரிகைகளும் எடுத்துக்கொண்டு வலையபட்டிக்குப் போனேன். மனசுக்குச் சொன்ன சமாதானத்தை நிறைவேற்ற வேண்டுமே. ஆச்சி முகப்பிலேயே உட்கார்ந்திருந்தார். எழுந்து உள்ளே கூப்பிடவில்லை. ஆனால் மோர் வந்தது, எப்போதும் வருகிற அதே டம்ளரில்.

"ஆச்சி, மறுபடி வரைஞ்சு தாரேன். இந்த நீலம் போகாது" என்று பொட்டலத்தைக் காட்டினேன்.

ஆச்சி அதை வாங்கவில்லை. எதிரே கருவேல மரங்களைப் பார்த்துக்கொண்டே பேசினார். குரலில் கோபம்கூட இல்லை.

"பங்காளிகளுக்கு அந்த வீட்டு மேல கோவம் இருந்துச்சு, இடிச்சாக. உனக்கு அந்த வீட்டு மேல என்ன ஆத்தா கோவம்?"

மோரைக் குடிக்கவும் முடியவில்லை, வைக்கவும் முடியவில்லை.

"வரைய வேணாம். அது அப்படியே இருக்கட்டும்" என்றார் ஆச்சி. பிறகு பக்கத்தில் பேப்பரில் சுற்றி வைத்திருந்த ஒன்றை எடுத்து என் மடியில் வைத்தார். பிரித்துப் பார்த்தேன். புதுப் பித்தளைத் தகடு. அதில் என் பெயர் மட்டும், பெரிய எழுத்தில், தலைப்பெழுத்தோடு பொறித்திருந்தது.

"அவரு தகட்டக் கழட்டச் சொல்லிட்டேன். இத நீயே உன் கையால போய் மாட்டிட்டுப் போ" என்றார். "வந்து பாக்குறவுகளுக்கு யாரு செஞ்சதுன்னு தெரியணும்ல."